துண்டுப் பெட்டிச் சோறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். என் மனைவி படம் போடாமல் விளக்கினாள். என் மச்சினன் விளக்க வாயைத் திறந்தான், தும்மல்தான் வந்தது. கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியதே தவிர குறையவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உங்களுக்காவது விளங்கினால் ஒரு நடை வந்து எனக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் 'காதுக் கடை' எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

அந்தப் பெயர் நான் வைத்ததில்லை. பலகையில் அழகாக 'முடி திருத்தும் நிலையம்' என்றுதான் எழுதியிருக்கிறது. முன்பக்கம் இரண்டு நாற்காலி, எதிரே சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. திரைக்குப் பின்னால் பெண்களுக்கு என் மனைவி முடி வெட்டுகிறாள். முன்னால் அவள் தம்பிக்குக் கத்தரிக்கோல், எனக்குச் சவரக் கத்தி. மச்சினன் வேலை தெரிந்தவன்தான், ஆனால் கத்தியைப் பிடித்தால் கை நடுங்கும். கத்தி என்னுடையது. சூடான துண்டை முகத்தில் போர்த்தி, நுரை தடவி, தாடைக்கடியில் ஒரே இழுப்பு, ஆள் நாற்காலியிலேயே குறட்டை விடுவார். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

கடை வாசலில் வரிசையாக மரங்கள். நிழலுக்காக எந்த மகராசனோ நட்டுவிட்டுப் போயிருக்கிறான். பூக்காலம் வந்தால் மஞ்சள் மஞ்சளாகத் தூள் கொட்டும். படியில் கொட்டும், கண்ணாடியில் அப்பும், நிறுத்தி வைத்த வண்டிகளின் இருக்கையில் படியும், கடைசியில் என் மூக்குக்குள் வந்து குடியேறும். மகரந்தமாம். பெயரைப் பார், எவ்வளவு அழகு! எனக்கு அது மிளகாய்ப்பொடி. கண் சிவந்து மூக்கு ஒழுகி அடுக்குத் தும்மல். மச்சினனுக்கும் அதே வியாதி. நாங்கள் மாறி மாறித் தும்முவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். போன பூக்காலம் வரைக்கும் சிரித்தார்கள்.

போன பூக்காலத்தில் ஒரு நாள் பஸ் டிரைவர் என் நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். என் கத்திக்கு மட்டுமே கன்னத்தைக் கொடுக்கிற பழைய வாடிக்கை. காதோரம் கிருதாவைச் சரி செய்துகொண்டிருந்தேன். மூக்கின் உள்ளே அந்தப் பழகிய கிச்சுகிச்சு. வருகிறது என்று தெரிந்தது. இந்த ஓர் இழுப்பை முடித்துவிடலாம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் புத்தி கெட்டது. காது மடல் ஓரத்தில் கிழிந்து, மருத்துவமனையில் தையல் போட்டார்கள். மனிதர் தங்கமானவர், புகார் கொடுக்கவில்லை. ஆனால் தெரு விடுமா? மறுநாளே கடைக்குப் பெயர் வந்துவிட்டது.

என் மனைவி கத்தியைத் துடைத்து, பெட்டியில் வைத்து, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே டாக்டர் யாராவது தன் வாயால, 'இந்த ஆள் கையில கத்தி குடுக்கலாம்'னு சொல்லட்டும். அப்பத் தர்றேன்."

"நான் என்ன கொலைகாரனா?"

"இன்னும் ஆகல. அதனாலதான் பூட்டுறேன்."

அதற்கப்புறம் என் பிழைப்பைக் கேட்காதீர்கள். சவரத்துக்கு வந்தவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். முடி வெட்டுவது மச்சினன், பின்னால் மனைவி, நான் துண்டைச் சூடாக்கிக்கொண்டும் தரையில் விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டும் இருந்தேன். என் சொந்தக் கடையில் நான் உப்புக்குச் சப்பாணி. புதிதாக வந்த ஒருவர் மச்சினனிடம், "உங்க ஹெல்ப்பர் நல்லாக் கூட்டுறாரு" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த பூக்காலத்துக்குள் இந்த மூக்கு சரியாகவில்லை என்றால் கடைசி வரைக்கும் துடைப்பம்தான் என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் மச்சினன் செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினான். மகரந்த அலர்ஜிக்குச் சோறு. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, சோறு! பரிசோதனைக்கு ஆள் தேவையாம். இரண்டு பேரும் போய் நின்றோம்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நெல்லுக்குள்ளேயே மகரந்தத்தின் ஒரு சின்னத் துண்டு விளைகிற மாதிரி செய்திருக்கிறார்களாம். அந்த அரிசியைத் தினமும் கொஞ்சம் சாப்பிட்டால் உடம்பு அந்தத் துண்டோடு பழகிவிடுமாம். அப்புறம் மரம் தூள் கொட்டும்போது, இவன் நமக்குத் தெரிந்தவன்தானே என்று சும்மா இருந்துவிடுமாம்.

"புரியுது டாக்டர். மாமியாரைத் தினமும் கொஞ்ச நேரம் பார்த்துப் பழகிக்கற மாதிரி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கல்யாணம் ஆகாதவர் போல.

"ஒரு விஷயம். பாதிப் பேருக்குத்தான் அந்த அரிசி. மீதிப் பேருக்குச் சாதாரண அரிசி. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாக்கெட் மேல இருக்கிற நம்பரை வெச்சு, முடிஞ்சதும்தான் பார்ப்போம்."

எனக்கு வந்ததே கோபம். "அப்போ எனக்கு வெறும் சோத்தைப் போட்டு ஏமாத்துவீங்களா?"

"ஏமாத்தல. ஒப்பிட்டுப் பார்க்கிறோம்."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது. அதுவும் கட்டி விடுகிறவரும் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறார்! ஆனால் இழுப்பறையில் கிடந்த கத்தி ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது, வாய் லேசாக அரித்தால் பயப்படவேண்டாம், தொண்டை வீங்கினால் உடனே போன் செய்யவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

சோறு வெந்தபடியே சின்னச் சின்ன பாக்கெட்டில் வந்தது. சுடவைத்துச் சாப்பிடவேண்டும், ஆனால் கொதிக்கவிடக் கூடாது. வீட்டு அடுப்பில் வைத்தால் கொதித்துவிடுமோ என்று பயம். எங்கள் கடையில் இதற்கென்றே செய்துவைத்த மாதிரி ஒன்று இருந்தது. துண்டுப் பெட்டி. முகத்தில் போடுகிற துண்டை ஆவியில் சூடாக்குகிற பெட்டி, மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. கை பொறுக்கிற சூடு, அதற்கு மேல் ஏறாது. மதியம் சாப்பிடும் பாக்கெட்டுகளைக் காலையிலேயே துண்டுகளுக்கு நடுவில் செருகிவிட்டால் போதும். மச்சினனுக்கு இந்த யோசனை வந்தபோது அவனைத் தட்டிக்கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

முதல் நாளே ஆவியில் பாக்கெட்டின் நம்பர் ஸ்டிக்கர் உரிந்து ஒரு துண்டில் ஒட்டிக்கொண்டது. அந்தத் துண்டை முகத்தில் வாங்கியவர் கன்னத்தில் நம்பரோடு பேங்குக்குப் போய்விட்டார். அங்கே இருந்தவர் அதை டோக்கன் என்று நினைத்து, "உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு, உட்காருங்க" என்றாராம். வந்து கத்தினார். அவர் போனதும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"ஸ்டிக்கர் இல்லாம எது யாருதுன்னு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் மாமா. வைக்கும்போதே நம்பரைப் பார்த்து வெச்சிடறேன். மேல் தட்டு உங்களுக்கு, கீழ் தட்டு எனக்கு. அவ்வளவுதானே?"

அன்றைக்கு அவன் கீழ்த் தட்டிலிருந்து தன் பாக்கெட்டை எடுத்து, இரண்டாவது வாயிலேயே நாக்கை நீட்டித் தேய்த்தான். அரிக்கிறதாம், தொண்டை வரைக்கும் குறுகுறு என்கிறதாம். எனக்கு ஒன்றுமில்லை, வெறும் சோறு மாதிரிதான் இருந்தது. "பயந்தாங்கொள்ளி, முழுங்குடா" என்று கேலி செய்தேன். அவன் எப்படியோ முழுங்கித் தீர்த்தான்.

மறுநாள் எனக்கும் அரித்தது! உதட்டில் ஆரம்பித்து அண்ணம் வரைக்கும் ஊறல். நான் துள்ளிக் குதிக்காத குறைதான். எனக்கு வந்திருப்பது அசல் சரக்கு! முதல் நாள் உடம்புக்கு உறைக்கவில்லை, இப்போது உறைத்துவிட்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். வீங்கவில்லை என்றால் தொடரலாம், ஒரு நாளும் விடாதீர்கள் என்றார்.

"உனக்கு இன்னைக்கு அரிக்கலையா?" என்று மச்சினனைக் கேட்டேன்.

"இல்ல மாமா. சரியாயிடுச்சு."

"பார்த்தியா, உனக்கும் பழகிடுச்சு" என்றேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். குனிந்த தலையைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டாமா? வரவில்லை.

மழைக்காலம் போனது, குளிர் போனது. நாள் ஆக ஆக என் வாய் அரிப்பும் அடங்கிவிட்டது. மரங்கள் மொட்டு விட்டன. ஒரு நாள் காலை கடையைத் திறக்கப் போனால், படி முழுக்க மஞ்சள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம்தான் பிடிப்பது? விட்டேன், இழுத்தேன். ஒன்றுமில்லை. வேண்டுமென்றே துடைப்பத்தால் படியைக் கூட்டித் தூளைக் கிளப்பினேன். அப்போதும் ஒன்றுமில்லை! பின்னால் வந்த மச்சினன்தான் தும்ம ஆரம்பித்தான். நிற்கவே இல்லை, நடைபாதையில் உட்கார்ந்து தும்மினான்.

நான் உள்ளே ஓடி மனைவி முன்னால் கையை நீட்டினேன். "சாவி."

"டாக்டர் சொல்லட்டும்."

"என் மூக்கே சொல்லுதேடி!"

"உங்க மூக்கு போன வருஷம் என்ன சொல்லிச்சு?"

துடைப்பத்தோடு படிக்கே திரும்பினேன். பரிசோதனை முடிந்து, ரத்தமும் எடுத்த பிறகு டாக்டரம்மா கூப்பிட்ட அன்றைக்கு மூன்று பேருமாகப் போனோம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மச்சினன், கைப்பையில் சாவியோடு மனைவி, மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டுக்கொண்டு நான்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்களுக்கு வந்தது சாதாரண அரிசி. மகரந்தம் இருந்தது உங்க மச்சினனுக்கு."

எனக்குத் தலை சுற்றியது. "வெறும் சோறா? அப்ப என் வாய் அரிச்சதே?"

"சில பேருக்கு நினைப்பாலயே அப்படித் தோணும்."

"நினைப்பால அரிக்குமா? என்னைப் பார்த்தா நினைப்பால அரிக்கிற ஆள் மாதிரியா இருக்கு?"

மனைவி மெதுவாகக் கேட்டாள். "அப்போ இத்தனை வருஷமா தும்முனதும் நினைப்புதானா டாக்டர்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெறும் சோற்றைத் தின்று குணமானேன் என்றால், வியாதியும் வெறும் வியாதிதானே? பஸ் டிரைவர் காதைக் கிழித்தது எது, என் மூக்கா, என் கிறுக்கா? இனி எந்த டாக்டர் என் கையில் கத்தி கொடுக்கலாம் என்று சொல்வார்?

"அதான் எனக்கும் புரியல" என்றார் டாக்டரம்மா. "ரத்தப் பரிசோதனையில உங்க ரத்தம், அந்த அரிசி சாப்பிட்டவங்க ரத்தம் மாதிரி இருக்கு. அதைச் சாப்பிட்ட இவரு ரத்தத்துல ஒரு மாத்தமும் இல்ல. ரெண்டு பேரும் எங்க வெச்சுச் சாப்பிட்டீங்க?"

"கடையிலதான். துண்டுப் பெட்டியில சூடு பண்ணி."

"எதுல?"

நான் துண்டுப் பெட்டியை விளக்கினேன். ஆவியை விளக்கினேன், ஸ்டிக்கர் உரிந்ததையும் மேல் தட்டு கீழ்த் தட்டையும் விளக்கினேன். டாக்டரம்மா முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேயறைந்தது போல ஆனது. கன்னத்தில் நம்பரோடு பேங்குக்குப் போனவரை அவரிடம் சொல்லாமல் விட்டேன். அதற்குள் மச்சினன் தும்மினான், மூக்கைத் துடைத்தான், என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னான்.

"நான்தான் மாத்தி வெச்சேன்."

டாக்டரம்மா கம்ப்யூட்டரை விட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"முதல் நாள் தொண்டை வரைக்கும் அரிச்சுது. பயந்துட்டேன். மறுநாள்ல இருந்து என் பாக்கெட்டை மேல் தட்டுல வெச்சேன், மாமா பாக்கெட்டைக் கீழ வெச்சேன். தினமும்."

"டேய்! எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன் மாமா." மறுபடியும் மூக்கைத் துடைத்தான். "உங்களுக்கு எதுவுமே ஆகாதுன்னுதான் நான் எப்பவும் நினைப்பேன்."

இப்படி ஒருவன் சொன்னால் என்ன செய்வது, சொல்லுங்கள். எழுந்து நாலு அறை விடலாமா? கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா? தனக்கு வந்த பயத்தை என் தட்டில் தள்ளிவிட்டான், படுபாவி. அதில்தான் என் மூக்கு சரியானது. அவன் யோக்கியனாக இருந்திருந்தால் இன்றைக்கு அவன் சும்மா இருப்பான், நான் தும்மிக்கொண்டிருப்பேன். நன்றி சொன்னால் திருட்டுத்தனத்துக்குச் சொன்ன மாதிரி. திட்டினால் குணமானதைத் திட்டின மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

டாக்டரம்மா மட்டும் குழம்பவில்லை, திட்டினார். எங்கள் இருவரையும் திட்டினார், தொண்டை அடைத்துப் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டுத் திட்டினார். எங்கள் இரண்டு பேர் கணக்கையும் பரிசோதனையிலிருந்து எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

"சரி டாக்டர், எடுத்துடுங்க. ஆனா எனக்குச் சரியாயிடுச்சுதானே? இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்ல முடியாது. அந்த அரிசியாலயும் இருக்கலாம். இந்த வருஷம் மழை ஜாஸ்தி, காத்துல தூள் கம்மி, அதனாலயும் இருக்கலாம். ஒரு ஆளை வெச்சு என்னால எதுவும் சொல்ல முடியாது."

மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மூன்று பேரும் கடைக்கு வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்ததும் பஸ் டிரைவர் வந்தார். காது கிழிந்த பிறகு அவர் மச்சினனின் கத்தரிக்கோலுக்கு மட்டும்தான் வருகிறார், தாடியை வளரவிட்டுவிட்டார். என்னைக் கடக்கும்போது அவர் கை தானாகவே காதை மூடிக்கொள்ளும். அன்றைக்கும் மூடிக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் துடைப்பத்தை எடுத்தேன். வேறென்ன செய்ய?

மச்சினன் அவரைக் கூப்பிடவில்லை. நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான். தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தைக் காட்டினான்.

"மாமா, ஷேவ் பண்ணுங்க."

"எந்திரிடா. கத்தி ஏது?"

"அக்கா, சாவியைக் குடு."

திரைக்குப் பக்கத்தில் நின்ற மனைவி, "டாக்டர் சொல்லலடா" என்றாள்.

"டாக்டர் கழுத்தையா கேக்கறேன்? என் கழுத்து." கண்ணாடியில் அவன் கண்கள் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தன. மகரந்தமா, அழுகையா, தெரியவில்லை. "அரிக்குதுன்னு பயந்து அவரு தட்டுல தள்ளினேன்ல? இப்போ பயப்படல. குடுக்கா."

அவள் தம்பியின் கழுத்தைப் பார்த்தாள். அப்புறம் பையைத் திறந்தாள். சாவியை என் கையில் தரவில்லை, மேசைமேல் வைத்தாள்.

இழுப்பறையைத் திறந்தேன். கத்தியைத் தீட்டி, சூடான துண்டைப் போட்டு, நுரை தடவினேன். வாசல் வழியாகத் தூள் மிதந்து வந்து வெயிலில் தெரிந்தது. கன்னம் முடிந்தது. தாடைக்கடியில் கத்தியை வைத்தேன். அப்போது அவன் மூக்கின் ஓரம் மெல்ல விடைத்தது, மேலுதடு ஒரு பக்கமாக இழுத்தது, மூச்சு பாதியில் நின்றது. அடடா, இது எனக்குத் தெரியாதா? ஆயுசு முழுக்க என் முகத்தில் குடியிருந்ததாயிற்றே! இந்த ஓர் இழுப்பை முடித்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. கையைத் தூக்கிவிட்டேன்.

அவன் தும்மினான். நுரை கண்ணாடியெல்லாம் தெறித்தது. அடுக்கடுக்காகத் தும்மி ஓய்ந்து, கையால் கழுத்தைத் தடவிப் பார்த்தான். கையில் நுரை மட்டும்தான் இருந்தது.

மனைவி திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அலர்ஜி எதுவும் கிடையாது.

பெஞ்சில் பஸ் டிரைவர் எழுந்து நின்றார். "அடுத்தது நான்" என்றார். காதின்மேல் இருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

நான் மச்சினனின் முகத்தைத் துடைத்து, அந்த ஈரத் துண்டாலேயே அவன் பின்மண்டையில் ஓங்கி ஒன்று போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே நாற்காலியை விட்டு இறங்கினான். அந்த அடி நன்றிக்கா, கோபத்துக்கா என்று அவன் கேட்கவில்லை. நான் டிரைவருக்காகத் துண்டுப் பெட்டியைத் திறந்தேன்.